ஆமை நடையும் ஆனை அடியும்

முந்திக்கொள்பவனுக்கே வெற்றி என்பது எந்தப் போர்க்கலையிலும் முதலிற் கற்பிக்கப்படும் பாடம். சிலம்பக் களமாயினும் மற்களமாயினும், முதலடி யாருடையதோ அவன் பக்கமே பார்ப்போர் கண்கள் திரும்பும். யப்பானில் 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி வெளியாகி, இன்று உலகெங்கணும் பரந்துள்ள 'போக்கிமொன்' என்னும் பிராணிப் போர் விளையாட்டும் இந்தப் பாடத்தின் மீதே கட்டப்பட்டது. அவ்வாறிருக்க, அவ்விளையாட்டிற் கைதேர்ந்தோர் பலர், மந்தமே உருவெடுத்தாற் போன்ற பிராணிகளைத் தேடிப் பிடித்து, அவற்றை இன்னும் மந்தமாக்கிப் போட்டிக் களத்துக்குக் கொண்டுவருகின்றனர். இது பித்தர் செயல் அன்று. நுணுக்கமான ஒரு கணக்கு இதன் பின்னே இருக்கிறது.

விளையாட்டை அறியாத வாசகர்க்காக அதன் இலக்கணத்தைச் சிறிது கூறிவிடுவோம். ஒவ்வொரு பிராணிக்கும் ஆறு இலக்கங்கள் உண்டு: உயிர்வலு, தாக்கு, காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, வேகம். ஆடுவோர் இருவரும் ஒருவர் கட்டளையை மற்றவர் அறியாதபடி தத்தம் பிராணிக்கு ஆணையிடுவர். பின்னர் வேகம் கூடிய பிராணி தன் ஆணையை முதலில் நிறைவேற்றும். குறைந்தது பின்னர் நிறைவேற்றும். முதலடியிலேயே எதிரி சாய்ந்துவிட்டால், அவனுக்கு இடப்பட்ட ஆணை வெறும் காற்றோடு போயிற்று. ஆகவே இங்கே வேகம் என்பது ஓட்டப் பந்தயத்துக்குரிய அழகு மட்டுமன்று. வாய் திறந்து பேசும் உரிமை போன்றது.

இரு பிராணிகள் மோதுகின்றன என்றும், இரண்டு அடியில் எதுவும் வீழும் என்றும் வைத்துக்கொள்வோம். விரைவுடையது அடிக்கும், மந்தன் திருப்பி அடிப்பான், விரைவுடையது மீண்டும் அடிக்கும், மந்தன் வீழ்வான். அவன் கொடுத்தது ஒன்று, வாங்கியது இரண்டு. சரிநிகர் போரில் மந்தனுக்கு எப்போதும் ஓர் அடி கடன். இந்தக் கடனை அவன் தீர்க்க வேண்டுமாயின் இரண்டு தகுதிகள் அவனிடம் இருத்தல் வேண்டும். பிறர் இரண்டடியிற் செய்வதை அவன் ஓரடியிற் செய்ய வேண்டும். அதற்கு முன் வந்து விழும் அடியைத் தாங்கி நிற்கவும் வேண்டும். புதிதாய் ஆட வருவோர் முதலாவது தகுதியில் மயங்கி இரண்டாவதை மறந்துவிடுகின்றனர்.

அத்தகையோரை மயக்கும் பிராணிகளில் ஒன்று ராம்பார்டோஸ். 2006ஆம் ஆண்டு வெளிவந்த 'டயமண்ட்', 'பேர்ள்' ஆட்டங்களில் அறிமுகமான பாறைத் தலையன். அதன் அடிப்படைத் தாக்கு 165. பார்த்தவுடன் நெஞ்சு குளிரும் இலக்கம். ஆனால் வேகம் 58, காப்பு 60, சிறப்புக் காப்பு 50. ஏட்டில் அரசனாகத் தோன்றும் இப்பிராணி களத்திற் பெரும்பாலும் ஓங்கிய தலையை இறக்குமுன்பே சாய்ந்துவிடுகிறது. மெல்லச் செல்வோன் மெல்லியனாகவும் இருந்தால் அவனுக்கு வாழ்வில்லை.

மறுபுறத்தே ஸ்நோர்லாக்ஸைப் பாருங்கள். உண்பதும் உறங்குவதுமே தொழிலாகக் கொண்ட இந்தப் பெருவயிற்றனைக் கண்டால் நம்மவர்க்குக் கும்பகருணன் நினைவு வராமற் போகாது. இதன் தாக்கு 110. ராம்பார்டோஸினும் 55 குறைவு. வேகமோ வெறும் 30. ஆனால் உயிர்வலு 160, சிறப்புக் காப்பு 110. 1999இல் வந்த 'கோல்ட்', 'சில்வர்' ஆட்டங்களில் இது பெற்ற செல்வாக்குக்கு ஈடு சொல்வது கடினம். அவ்வாட்டங்களில் இதைச் சேர்க்காது குழு அமைப்போன் ஏன் சேர்க்கவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அச்செல்வாக்கின் மூலம் 'கர்ஸ்', அதாவது சாபம், என்னும் வித்தை. ஆவி இனம் அல்லாத பிராணியொன்று இதைச் செய்தால் அதன் தாக்கும் காப்பும் ஒவ்வொரு படி உயரும். வேகம் ஒரு படி தாழும். முதற்படியில் தாக்கும் காப்பும் ஒன்றரை மடங்காகும். வேகத்தை விலையாகக் கொடுத்து வலுவை வாங்கும் வாணிபம் இது. விரைவையே முதலாகக் கொண்ட பிராணிக்கு இது முதலை அழிக்கும் வியாபாரம். ஸ்நோர்லாக்ஸுக்கோ இழப்பதற்கு ஏதும் இல்லை; ஏற்கெனவே கடைசியாக நடப்பவன் இன்னும் பின்னே நடந்தால் என்ன கெட்டுவிடும்? காயம் பட்டபோது படுத்து உறங்கினால் உயிர்வலு முழுதும் மீளும். எழுந்து வந்து மறுபடியும் அடிக்கலாம். பெயரளவில் மட்டுமே இது சாபம்.

தனிப் போரில், அதாவது ஒன்றுக்கு ஒன்று நிற்கும் ஆட்டத்தில், மந்தனைக் களத்தில் இறக்கும் வேளையே பாதி வெற்றி. எதிரியின் கொடிய தாக்காளி எதிரே நிற்கும்போது அவனைக் கொண்டுவருதல் வீண்பலி. எதிரி தன்னைத் தேற்றிக்கொள்ளும் சுற்றிலோ, தன் தோழன் ஒருவன் வீழ்ந்து இடம் காலியான கணத்திலோ அவன் வர வேண்டும். காப்பையே நம்பி நிற்கும் பிராணிகள் பெரும்பாலும் தாமும் மெதுவானவை. அவற்றின் அடியும் மெலிது. அத்தகைய மதில்களை இடிப்பதற்கே மந்தன் பிறந்தான் எனலாம். எதிரிகளை முடக்குவாதத்தில் வீழ்த்தி அவர்களின் வேகத்தைக் குறைத்துவைப்பதும் ஒரு வழி. 2016க்குப் பிந்திய ஆட்டங்களில் அது வேகத்தைப் பாதியாக்குகிறது, முன்பு காலாக்கிற்று.

இவையெல்லாம் மந்தத்தைச் சகித்துக்கொள்ளும் வழிகள். மந்தத்தையே ஆயுதமாக்கும் வழி 2006இலே பிறந்தது. 'ட்ரிக் ரூம்' என்பது அதன் பெயர். தந்திர அறை என்று நாம் சொல்லலாம். ஒரு பிராணி இவ்வித்தையைச் செய்தால் களம் முழுவதும் ஒரு விந்தை அறைக்குட் புகுந்தது போலாகி, வேக ஒழுங்கு தலைகீழாகும். குறைந்த வேகமுடையதே முதலில் அடிக்கும். ஐந்து சுற்றுக்கள் இந்நிலை நீடிக்கும். முன்பு பேச்சுரிமை இழந்திருந்தவன் இப்போது சபைத் தலைவன்.

ஐந்து என்று சொன்னேனாயினும் அந்த ஐந்தை அப்படியே நம்பக் கூடாது. வித்தை செய்யப்பட்ட சுற்றும் ஐந்தில் ஒன்றாக எண்ணப்படும். அந்தச் சுற்றில் இவ்வித்தை எல்லாவற்றுக்கும் கடைசியிலேயே நிகழும் என்பது விதி. ஆகவே மந்தனுக்குக் கிடைப்பன நான்கே. எதிரியும் கைகட்டி நிற்பவன் அல்லன். 'புரொடெக்ட்' என்னும் தற்காப்பால் ஒரு சுற்றைக் கழிப்பான். பிராணியை மாற்றி இன்னொன்றைக் கழிப்பான். நான்கு இரண்டாகும். அந்த இரண்டு சுற்றுக்களில் மந்தன் போரை முடிக்கவோ, முடிவு தெரியும் நிலைக்குக் கொண்டுவரவோ வேண்டும். ஆகவேதான் தந்திர அறைக்குப் பேரடி கொடுக்கும் பிராணிகளே தேவைப்படுகின்றன. மெதுவாயும் மென்மையாயும் அடிப்பவனுக்கு அறை கட்டிக் கொடுப்பது செவிடன் காதில் ஊதிய சங்கு.

இரட்டைப் போரிலேதான் இக்கலை உச்சம் பெற்றது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு பிராணிகள் ஒருங்கே நிற்கும் ஆட்டம் அது. 2022 நவம்பரில் வெளிவந்த 'ஸ்கார்லட்', 'வயலட்' ஆட்டங்களில், போட்டிக்கு ஆறு பிராணிகளைக் கொண்டுவந்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நான்கைத் தெரிந்து, எல்லாவற்றையும் 50ஆம் மட்டத்தில் நிறுத்தி ஆடினர். அங்கே அரங்கேறிய உர்சலூனா என்ற கரடியின் கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது.

உர்சலூனாவின் உயிர்வலு 130, தாக்கு 140, காப்பு 105, வேகம் 50. இதற்கு 'கட்ஸ்' என்னும் இயல்பு வாய்ப்பதுண்டு; நெஞ்சுரம் என்று பொருள் கொள்ளலாம். தீக்காயம் பட்ட பிராணியின் உடலடி வலு பாதியாகும் என்பது பொது விதி. நெஞ்சுரம் உடையதோ நோயுற்றால் தாக்கு ஒன்றரை மடங்காக எழும். 'பசாட்' என்னும் அடியின் வலு 70. அடிப்பவன் காயமுற்றிருந்தால் அது 140. தன் இனத்துக்குரிய அடியாதலால் மேலும் ஒன்றரை மடங்கு சேர்ந்து 210 ஆகும். ஆகவே ஆட்டக்காரர் என்ன செய்கிறார்? எதிரி காயப்படுத்துவான் என்று காத்திருப்பதில்லை. கரடியின் கையில் நெருப்புருண்டை ஒன்றைத் தாமே கொடுத்துவிடுகிறார்! சுற்றின் முடிவில் அது கரடியைச் சுட்டுவிடும்.

இப்போது முதற் சுற்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கரடி தற்காப்புச் செய்து ஒதுங்கி நிற்கிறது. அதன் தோழன் தந்திர அறையைக் கட்டுகிறான். சுற்று முடியும்போது நெருப்புருண்டை கரடியைச் சுடுகிறது. ஒரே சுற்றில் அறையும் ஆயத்தம், கரடியின் சினமும் ஆயத்தம். அதன் தாக்கு 211 என்று வளர்க்கப்பட்டிருந்தால் இப்போது 316. எதிரே பிளட்டர் மேன் என்ற ஆவிப் பிராணி நிற்கலாம். அதன் வேகம் 205 வரை உயரக்கூடியது. அந்த 205 இப்போது அதற்குப் பெரும் பாரம். 49 வேகமுள்ள கரடியே முன்னே அடிக்கும். ஆவியை 'பசாட்' தீண்டாது என்பதால் கரடி மண் இனத்து அடியொன்றையும் உடன் வைத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் விலையும் உண்டு. ஒவ்வொரு சுற்றும் தீக்காயம் கரடியின் முழு உயிர்வலுவிற் பதினாறில் ஒரு பங்கைத் தின்றுகொண்டே இருக்கும்.

49 என்ற அந்த இலக்கமும் தானாக வந்ததன்று. அந்த ஆட்டங்களில் ஒவ்வொரு பிராணிக்கும் பிறவியிலேயே 0 முதல் 31 வரை ஓர் இலக்கம் ஒவ்வொரு குணத்துக்கும் அமையும். யாவரும் 31ஐத் தேடுகையில், மந்தனை வளர்ப்போர் வேகத்துக்கு மட்டும் 0ஐத் தேடுகின்றனர். தாக்கைப் பத்து வீதம் கூட்டி வேகத்தைப் பத்து வீதம் குறைக்கும் சுபாவத்தையும் தெரிகின்றனர். சாதாரணமாக 70 ஆக இருக்கக்கூடிய கரடியின் வேகம் இவ்வாறு 49க்கு இறங்குகிறது. பிள்ளை சோம்பேறியாகப் பிறக்க வேண்டும் என்று நேர்த்தி வைக்கும் பெற்றோரை வேறெங்கே காண்போம்?

மந்தனின் தலைவிதி அவன் கையில் இல்லை, அறை கட்டும் தோழன் கையிலேயே இருக்கிறது. அதை எதிரியும் அறிவான். முதற் சுற்றில் 'பேக் அவுட்' என்னும் சிற்றடியால் அத்தோழனைத் திடுக்கிடச் செய்து வித்தையைக் கெடுப்பான். அல்லது வசைமொழியால் தூண்டி, அடிப்பதன்றி வேறெதுவும் செய்ய முடியாதபடி ஆக்குவான். இதனாலேயே அறை கட்டுவோனைத் தெரிவதில் ஆட்டக்காரர் பெரிதும் சிந்திக்கின்றனர். டஸ்க்ளொப்ஸ் ஆவி இனம். 'பேக் அவுட்' அதன் ஊடாகக் காற்றுப் போலப் போய்விடும். பாரிஜிராப் என்னும் ஒட்டகச்சிவிங்கியின் வாற்கவசமோ, முந்துரிமை பெற்ற எதிரடிகளினின்றும் தன்னையும் தோழனையும் காக்கிறது. முந்துரிமை அடிகளைத் தந்திர அறை புரட்டுவதில்லையாகையால் இக்காப்பு அறைக்குள்ளும் பயன்படும்.

குழுவிலுள்ள ஆறும் மந்தராக இருக்கலாமா என்று கேட்போர் உண்டு. கூடாது என்பதே என் துணிபு. அறை ஒருமுறை தவறினால் அக்குழு கதவடைபட்ட மண்டபத்தில் நிற்கும் யானைக் கூட்டம். மந்தர் இருவர், அறையின்றியும் போரிட வல்லார் இருவர் என்று அமைத்தால், எதிரி எதற்கு அஞ்சுவது என்று தெரியாமற் தடுமாறுவான். அறையைக் காட்டி அஞ்சச் செய்து, கட்டாமலே வெல்வதும் அப்போது கைகூடும்.

டோர்கோல் என்ற நிலக்கரி ஆமைக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. அடிப்படை வேகம் 20. மிகத் தாழ்த்தினால் 50ஆம் மட்டத்தில் 22. 2016 முதல் இது களத்தில் இறங்கியவுடன் வெயிலைக் கொண்டுவரும் இயல்பைப் பெற்றது. வெயில் தீயடியை ஒன்றரை மடங்காக்கும். இதன் 'இரப்ஷன்' என்னும் எரிமலையடி முழு உயிர்வலுவோடு இருக்கும்போது 150. உயிர்வலு குறையக் குறைய அடியும் தேயும். ஆகவே காயம் படுமுன் அடித்தாக வேண்டும். முந்தி அடித்தே தீரவேண்டிய ஒரு வித்தையை ஆமையின் கையில் வைத்தவர்கள் குறும்புக்காரர்கள்தாம். தந்திர அறைக்குள் மட்டுமே அவ்விரண்டும் பொருந்துகின்றன.

அறைக்குள்ளும் ஒரு பந்தயம் உண்டு. யார் மெதுவானவர் என்ற பந்தயம். உர்சலூனாவுக்கும் அயன் ஹாண்ட்ஸ் என்ற இரும்புக் கையனுக்கும் அடிப்படை வேகம் 50தான். இருவரும் 49க்கு இறக்கப்பட்டு எதிரெதிரே நின்றால், யார் முதல் என்பதை இயந்திரம் சோழி உருட்டித் தீர்மானிக்கும். அதனினும் கீழே இறங்க விரும்புவோன் இரும்புக் குண்டொன்றை ஏந்தச் செய்து வேகத்தைப் பாதியாக்கலாம். ஆனால் ஒரு பிராணி ஒரு பொருளையே ஏந்தலாம். குண்டை எடுத்தால் கரடி நெருப்புருண்டையைக் கீழே வைக்க வேண்டும்.