நுண்ணளவும் வேணியர் இடுக்கியும்

புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்தற்கென 1957ஆம் ஆண்டில் கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பெற்றது. அம்மணலின் மணியொன்று மில்லிமீற்றரின் சிறு பின்னமே. அடிமட்டம் அதனை அளக்க வல்லதன்று. மில்லிமீற்றரினும் குறைந்த அளவைக் கணித்தற்கு வழிகாட்டியவருள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் பியர் வேணியர். தம் உபாயத்தை அவர் 1631ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பள்ளிகளில் வழங்கும் வேணியர் இடுக்கியில் 9 மில்லிமீற்றர் நீளம் 10 சம கூறுகளாக்கப்பட்டுள்ளது. ஒரு கூறு 0.9 மில்லிமீற்றர். பிரதான அளவிடைக் கூற்றினும் அது குறையும் 0.1 மில்லிமீற்றரே கருவியின் இழிவெண்ணிக்கை. வேணியரின் பூச்சியம் 12 மில்லிமீற்றரைக் கடந்து நிற்க, அதன் 4ஆம் கோடு பிரதான அளவிடைக் கோடொன்றோடு பொருந்துமாயின், வாசிப்பு 12.4 மில்லிமீற்றராகும். வெறுந்தாடைகள் மூடியபோதே வேணியரின் பூச்சியம் 0.2 மில்லிமீற்றர் வலப்புறம் விலகி நிற்பின், அப்பூச்சிய வழுவைக் கழித்து 12.2 எனக் கொள்ளல் வேண்டும்.

பொருளுக்கும் தாடைக்குமிடையே ஒரு மணல்மணி சிக்கினும் வாசிப்பு மிகும். ஆதலின், தாடைகளைத் துடைத்தலும், பூச்சிய வழுவை நோக்கலும், பலமுறை அளந்து சராசரி காண்டலும் இன்றியமையாதன. மணல்மணியையே அளக்க விரும்புவோர் 0.01 மில்லிமீற்றர் வரை காட்டும் நுண்மானித் திருகுக் கணிச்சியை நாடுக. எக்கருவியாயினும், அதன் வழுவை முதற்கண் அறிந்தவனே மெய்யளவைக் காண்பான்.