டயருக்குள் ஒரு கம்பி, ரிம்மில் ஒரு பள்ளம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு டயர் புதிய பொருள் அல்ல. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, போர்வெல் போடும் ரிக் வண்டி, ரீட்ரேடிங் கடை, பஞ்சர் கடை என்று போகிற வழியெல்லாம் டயர்தான். ஆனால் ஒரு டயரை ரிம்மிலிருந்து கழற்றுவதை நின்று கவனித்திருக்கிறீர்களா? அதில் ஓர் அருமையான புதிர் இருக்கிறது.

கழற்றி வைத்த பைக் டயர் கிடைத்தால் அதன் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். கெட்டியாக இருக்கும். அதற்குப் பெயர் பீடு. அந்த ரப்பருக்குள் எஃகுக் கம்பி வளையமாகச் சுற்றி ஓடுகிறது. ரப்பரை இழுத்தால் நீளும், இந்தக் கம்பி நீளாது. நீளவும் கூடாது. நீண்டால், காற்றடித்ததும் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும். சரி, ரிம்மின் ஓரமோ அந்தக் கம்பி வளையத்தைவிடப் பெரியது. பெரிய ஓரத்தைத் தாண்டிச் சின்ன வளையம் உள்ளே போனது எப்படி?

டியூப் போட்ட லாரிச் சக்கரத்தில் விடை கண்ணுக்கே தெரியும். அங்கே ரிம்மின் ஒரு பக்கத்து ஓரம் தனி இரும்பு ரிங். அதை நெம்பி எடுத்துவிட்டால் டயர் நேராக வெளியே வரும். திரும்ப மாட்டும்போது ரிங் சரியாக உட்காராவிட்டால், காற்றடிக்கையில் அது தெறித்து ஆளையே கொன்றுவிடும். லாரி டயருக்குக் காற்றடிக்கிற இடத்தில் ஒருபோதும் எதிரே போய் நிற்காதீர்கள்.

பைக் ரிம்மில் கழற்றுவதற்கு ரிங் கிடையாது. அங்கே வேறு ஓர் ஏற்பாடு. ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. இறுக்கமான கண்ணாடி வளையலைப் போடும்போது என்ன செய்கிறோம்? வளையல் விரியாது என்று தெரிந்து, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைக் குறுக்குகிறோம். அதே உபாயம்தான் இது. பீட்டின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், நேர் எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைக்கும். அந்த இடம் போதும், டயர் லிவர் அங்கே லேசாக நெம்பும்.

அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் வால்வுக்குள் இருக்கும் பின்னைத் திருகி எடுத்துக் காற்று முழுவதையும் விடுகிறார். டயரை மிதித்து, ரிம்மில் ஒட்டியிருக்கும் பீட்டை விடுவிக்கிறார். சோப்புத் தண்ணீர் தடவுகிறார். முழங்காலால் ஒரு பக்கத்தைப் பள்ளத்தில் அழுத்திக்கொண்டு, எதிரே இருக்கும் வால்வுப் பக்கத்திலிருந்து நெம்பத் தொடங்குகிறார். மாட்டும்போது அதே வால்வுப் பக்கத்தில் வந்து முடிக்கிறார். பள்ளத்தை மறந்துவிட்டு வெறும் பலத்தால் நெம்பினால் ரிம் நெளியும், டியூப் கடிபட்டுக் கிழியும்.

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியபோது இந்தப் பள்ளம் இல்லை. டயரைத் துணியால் சுற்றிச் சக்கரத்தோடு ஒட்டினார்கள். ஒரு பஞ்சர் என்றால் அவ்வளவையும் பிரிக்க வேண்டும்! நீளாத கம்பி, நடுவில் பள்ளம் என்ற இரண்டையும் சேர்த்து யோசித்தவர் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச். அது 1890-இல். டன்லப்பின் பெயர் எல்லாருக்கும் தெரியும். பைக் டயரைக் கழற்றி மாட்டும் ஒவ்வொருவரும் நன்றி சொல்ல வேண்டியவர் வெல்ச்.

டயர் ஏறிவிட்டது. வேலை இன்னும் முடியவில்லை. எந்தச் சக்கரமும் சுற்றிலும் ஒரே எடையாக இருப்பதில்லை. வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் கனம். டயரிலும் ஒரு பக்கம் லேசாக இருக்கும். பல டயர்களில் அந்த லேசான இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருப்பார்கள். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் கனமும் லேசும் ஓரளவு ஈடாகும்.

மிச்சமிருக்கும் வித்தியாசம் சில கிராம்தானே என்று விடலாமா? கணக்குப் போடுவோம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், சேலம் - நாமக்கல் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நொடிக்கு ஏறக்குறைய 12 சுற்று. ரிம் ஓரத்தில் 20 கிராம் கூடுதலாக இருந்தால், அது சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 2.4 கிலோ எடைக்குச் சமம். மேலே வரும்போது மேலே இழுக்கும், கீழே போகும்போது கீழே இழுக்கும், நொடிக்கு 12 தடவை. ஹேண்டில் அதிர்வது இதனால்தான். 40 கிலோமீட்டரில் அதே 20 கிராமின் இழுப்பு வெறும் 600 கிராம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது.

சரிசெய்யப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சக்கரத்தை அச்சோடு இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து மெல்லச் சுழற்றி விட்டால், கனமான இடம் தானே அடியில் வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே சின்ன எடைகளை ஒட்டிக்கொண்டே வர வேண்டும். கார்ச் சக்கரத்துக்கு மட்டும் இது போதாது. அது அகலமானது, உள்பக்கம் கனமா வெளிப்பக்கம் கனமா என்பதை வேகமாகச் சுழற்றித்தான் அறிய முடியும். அதற்கு இயந்திரம் வேண்டும்.

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு உங்கள் சைக்கிளில் இதைச் செய்து பாருங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி விடுங்கள். சுழலும்போது கம்பிகளுக்குள் விரல் போகக் கூடாது. பல சைக்கிள்களில் வால்வுப் பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில், ரிம்மை ஒட்டிய கம்பியில் கொஞ்சம் களிமண் வைத்து மறுபடி சுழற்றுங்கள். எந்த இடத்தை மேலே வைத்தாலும் சக்கரம் அசையாமல் அங்கேயே நிற்கும்வரை களிமண்ணைக் கூட்டிக் குறையுங்கள். பிறகு அந்தக் களிமண்ணை எடுத்துத் தராசில் வையுங்கள். உங்கள் சக்கரம் எத்தனை கிராம் ஒருபக்கச் சாய்வோடு ஓடிக்கொண்டிருந்தது என்பது அதில் தெரியும்.