ப்ரூஃப் பார்க்காமல் மிஷினில் ஏற்றாதீர்கள்

முகூர்த்த மாதத்தில் ஓர் அச்சகக்காரர் தன் சிபியுவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வருகிறார் என்றால் விவகாரம் கைமீறிவிட்டது என்று பொருள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அண்ணாச்சி ஒருவர் அப்படித்தான் வந்தார். டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பக்கம், சாக்குப்பைக்குள் சிபியு. கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டு எனக்குப் பதினெட்டு வருஷம். வைரஸ் ஏறிய சிஸ்டம் எத்தனையோ பார்த்தாயிற்று. இது வேறு ரகம்.

“வைரஸ் வரக் கூடாதுன்னுதான் தம்பி ஆன்டிவைரஸ் ஏத்துனேன், ஃப்ரீயா கிடைக்கேன்னு. ஏத்துன அன்னைல இருந்து சிஸ்டம் எந்திரிக்கப் பத்து நிமிசம் ஆவுது. கூகுளைத் தொறந்தா வேற எவனோ வந்து நிக்கான்.”

மாட்டிப் பார்த்தேன். ஆன்டிவைரஸ் இருந்தது, அதில் பொய்யில்லை. ஒருவருக்குப் பத்திரிகை வைத்தால் குடும்பத்தோடு வருவார்களே, அப்படி அதோடு நாலு பேர் வந்திருந்தார்கள். அவர் கேட்காத ஒரு பிரவுசர். தேடுவதை எங்கோ திருப்பிவிடும் ஓர் எக்ஸ்டென்ஷன். “உங்கள் கணினியில் 1,148 பிழைகள்” என்று சிவப்பில் மிரட்டி, சரிசெய்யப் பணம் கட்டச் சொல்லும் ஒரு கிளீனர். போதாததற்கு, முப்பது நாள் ட்ரையலாக இன்னோர் ஆன்டிவைரஸ். இரண்டு காவல்காரர்களும் ஒரே ஃபைலை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்ததில், நடுவில் பத்திரிகை வடிவமைக்கும் கோரல் டிராவுக்கு மூச்சு முட்டிவிட்டது.

எங்கிருந்து இறக்கினீர்கள் என்று கேட்டேன். ‘ஃப்ரீ ஆன்டிவைரஸ்’ என்று தேடி, முதலில் வந்ததைத் தட்டியிருக்கிறார். முதலில் வந்தது விளம்பரம். அது கொண்டுபோய் விட்ட பக்கத்தில் பச்சை நிறத்தில் டவுன்லோட் பட்டன் மூன்று, மூன்றும் விளம்பரம்தான். நிஜமான இணைப்பு கீழே பொடி எழுத்தில் கிடந்தது. அதைத் தட்டினாலும் முதலில் இறங்குவது அந்தத் தளம் தானே தைத்த ஒரு ‘டவுன்லோடர்’. வழியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு வந்தது அதுதான்.

விவரம் தெரியாதவர், ஏமாந்தார் என்று அண்ணாச்சியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேர்பெற்ற தளங்களே இதைச் செய்திருக்கின்றன. நெட்வொர்க் பாதுகாப்பு வேலை செய்கிறவர்கள் கையில் எப்போதும் இருக்கும் இலவச மென்பொருள் என்மேப். அதை எழுதிய கோர்டன் லயன், 2011 டிசம்பரில் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தினார். சிநெட்டின் டவுன்லோட்.காம் தளம் அவருடைய மென்பொருளுக்கு மேலே தன் சொந்த இன்ஸ்டாலரைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. டூல்பார் போட்டு, பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் மாற்றுகிற இன்ஸ்டாலர். அவர் போட்ட சத்தத்தில், அது தவறுதான் என்று தளம் ஒப்புக்கொண்டது. படம் திருத்தும் கிம்ப், 2013-ல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தை விட்டு வெளியேறியதும் இதே மாதிரித் தொந்தரவால்தான். ஜாவாவோடு ஆஸ்க் டூல்பார், ஃபிளாஷோடு மெக்காஃபி ஸ்கேனர் என்று பெரிய வீட்டுப் பிள்ளைகளும் இந்த வேலையைச் செய்தவர்கள்தான். பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் எடுக்காவிட்டால் சம்மதம் என்று கணக்கு. ஒவ்வோர் இன்ஸ்டாலுக்கும் யாரோ யாருக்கோ கமிஷன் கொடுக்கிறார்கள்.

ஒழுங்கான தளத்தில் இறக்கினாலும் ‘ஃப்ரீ’ என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகமாகப் பாருங்கள். அவாஸ்ட் என் கையாலேயே நூற்றுக்கணக்கான சிஸ்டங்களில் ஏற்றிய ஆன்டிவைரஸ். பயனர்கள் எந்தெந்தப் பக்கம் பார்த்தார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக அது விற்றுக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக அந்த விவரங்களை இனி விற்கக் கூடாது என்றும் தடை போட்டது. அந்த நூற்றுக்கணக்கான வீடுகளை நினைத்தால் இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இன்று அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ். ஒன்று சரியில்லை என்று இன்னொன்றுக்குத் தாவும்போது, அதே வீட்டின் அடுத்த வாசலில் நுழைகிறோம்.

“ஃபார்மட் அடிச்சிரு தம்பி” என்றார் அண்ணாச்சி. தேவைப்படவில்லை. புரோகிராம் பட்டியலை இன்ஸ்டால் ஆன தேதிவாரியாக வரிசைப்படுத்தினால், ஒரே நாளில் வந்து இறங்கிய கும்பல் ஒட்டுமொத்தமாக மாட்டியது. ஒவ்வொன்றாக அன்-இன்ஸ்டால் செய்து, பிரவுசரை ரீசெட் செய்தேன். ஆன்டிவைரஸ் மட்டும் லேசில் போகாது. அதை அடியோடு எடுக்க அந்தந்தக் கம்பெனியே தனியாக ஒரு கருவி தருகிறது.

இனி எந்த ஆன்டிவைரஸ் போடுவது? எதுவும் வேண்டாம் என்றேன். அண்ணாச்சிக்கு நம்பிக்கையில்லை; நான் காசு பார்க்கத் தெரியாதவன் என்றுகூட நினைத்திருப்பார். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸின் உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். எடுத்துவிட்டால் மறுபடி வேலைக்கு வரும். வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் அது போதும் என்பது என் முடிவு. அப்டேட்டை நிறுத்தி வைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“இல்ல, எனக்கு வேற ஒண்ணு போட்டாத்தான் மனசு ஆறும்” என்றார். சரி, நீங்களே ஏற்றுங்கள் என்று கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன். அடுத்த நிமிஷம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று விரல் ஓடியது.

“அண்ணாச்சி, ப்ரூஃப் பாக்காம மிஷின்ல ஏத்துவீங்களா?”

கை நின்றது. பொண்ணோட இனிஷியலில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஐந்நூறு பத்திரிகையையும் தன் செலவில் திரும்ப அடித்துத் தரும் மனுஷன் அவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். தேடல் பக்கம் வேண்டாம், கம்பெனியின் முகவரியையே எழுத்து எழுத்தாக அடித்தார். இறங்கிய ஃபைலை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பகுதியைத் திறக்கச் சொன்னேன். அங்கே கம்பெனி பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும், வேறு பெயர் இருந்தாலும் ஃபைலை அழித்துவிடலாம். அதிலும் சந்தேகம் வந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். 2004-ல் ஸ்பெயினில் தொடங்கி, 2012-ல் கூகுள் வாங்கிய தளம். பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்களைக் கொண்டு ஒரே ஃபைலைச் சோதித்துச் சொல்லும். ஆதார், பத்திரம் மாதிரிச் சொந்த ஃபைல்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றியது மற்றவர்கள் கைக்கும் போகும்.

இன்ஸ்டால் பண்ணும்போது, கஸ்டம் என்றோ அட்வான்ஸ்டு என்றோ இருந்தால் அதைத்தான் அமுக்க வேண்டும். மூன்றாவது திரையில் அண்ணாச்சி பிடித்துவிட்டார்: ஒரு பிரவுசரையும் சேர்த்துப் போடட்டுமா என்று ஒரு டிக். “இந்தா இருக்கான் பாரு!” எழுத்துப்பிழை கண்டுபிடித்த அதே குரல்.

அந்தக் கிளீனர் கேட்ட பணத்தை நல்லவேளையாக அவர் கட்டியிருக்கவில்லை. அப்படிக் கார்டு நம்பர் கொடுத்துப் பணம் இழந்தவர்கள், கடைக்கு வருவதற்கு முன்னால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள். தாமதமாக ஆக, பணத்தை மறிப்பது கஷ்டம். சுத்தம் செய்யும் கருவி வேண்டுமென்றால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தருகிற நிறுவனங்களில் நம் சென்னையின் கே7-ம் ஒன்று.

இன்று உங்கள் சிஸ்டத்தில் ஒன்றே ஒன்று மட்டும் பாருங்கள். ஸ்டார்ட்டில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று அடித்துத் திறந்து, ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலுக்குள் ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் என்பதற்குப் போங்கள். வேண்டாத மென்பொருளைத் தடுக்கும் சுவிட்ச் அங்கே இருக்கிறது. அண்ணாச்சியின் சிஸ்டத்தில் அது ஆஃப் ஆகித்தான் கிடந்தது.