பிழையில்லாத ஷாட்

ஒரு ஷாட் அடுத்ததோடு பொருந்தாமல் போவதுதான் தொடர்ச்சிப் பிழை. 'கேம் ஆஃப் டெத்'தில் அதைத் தேடவே வேண்டாம். 1972இல் சண்டைக்காட்சிகள் சிலவற்றை எடுத்துவைத்த புரூஸ் லீ, 1973 ஜூலையில் இறந்துபோனார். மிச்சத்தை ராபர்ட் க்ளவுஸ் போலிகளை வைத்து ஒப்பேற்ற, படம் 1978இல் வந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வேறு முகம். ஓரிடத்தில் நிலைக்கண்ணாடியில் லீயின் முகத்தை அட்டையாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்; உடல் அசையுது, முகம் அசையல. சிரிப்பு வரும்தான். ஆனாலும் இவன் அவனில்லை என்று பிரதி தன்னையறியாமல் ஒத்துக்கொள்வது இங்கேதான்.

நாயகன் செத்ததாக நாடகமாடும் கட்டத்தில் காட்டப்படுவது ஹாங்காங்கில் நடந்த லீயின் நிஜ இறுதிச்சடங்கு. பெட்டிக்குள் அவர் முகமேதான். போலி இல்லை, அட்டை இல்லை. பிழை தேடும் கண்ணுக்கு இது தப்பாகவே படாது. மறுக்க முடியாத உடலை மூலதனம் நடிக்கவைத்த இந்த ஷாட்டைத்தான் என் பட்டியலில் முதலில் எழுதுகிறேன்.