கையே முதல்

நெசவாளருக்கும் உழவருக்கும் கையே முதல். அம்முதல் அழிந்தால் எந்தச் சங்கக் கடனும் ஈடாகாது.

துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த வட சென்னையில், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-இல் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அது பின்னர் ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமாக வளர்ந்தது.

மிதிப்பலகையை அழுத்தக் கயிறு விழுதை இழுப்பதுபோல, முன்கைத் தசை சுருங்கத் தசைநாண் விரலை மடக்குகிறது. நாண் அறுந்தபின் தோலை மட்டும் தைத்துப் பயனில்லை. நாணையும் நரம்பையும் தேடி இணைத்தல் வேண்டும். பின்னர் மருத்துவர் கூறும் பயிற்சியைக் கைவிட்டால், நாண் சுற்றுத்திசுவோடு ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துவிடும்.

ஆகவே அங்கத்தினர்களே, காயத்தில் காப்பித்தூள் அப்பாதீர்; தூய துணியால் அழுத்திக் கட்டுக. துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து விரைந்து கொணர்க. விரல்மீது பனிக்கட்டி நேரே படலாகாது. தாமதித்தால் விரல் போகும். விரல் போனால் தறி நிற்கும்.