பிள்ளை பார்ப்பதை நாமும் பார்ப்போம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர் திருவண்ணாமலையில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பையன் எப்போது பேசுவான்?" நியாயமான ஏக்கம். ஆனால் பேச்சுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. தனக்கு வேண்டியதை, தான் கண்டதை இன்னொருவருக்குத் தெரிவிக்கத் தோன்ற வேண்டும். கையைப் பிடித்து இழுப்பது, விரல் நீட்டுவது, திரும்பிப் பார்ப்பது எல்லாமே தெரிவிப்பதுதான். அது வளர்கிற முதல் இடம் வீடு.

"அதற்கெல்லாம் சென்னைக்குத்தானே போக வேண்டும்?" என்பீர்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து, 2016இல் வெளியான ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 2 முதல் 9 வயது வரையுள்ள 65 பிள்ளைகள். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு 12 அமர்வுகளில் பயிற்சி தந்தார்கள். தந்தவர்கள் நிபுணர்கள் அல்லர். இதற்கெனப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தார்கள். பிள்ளை எந்த இடத்தில் நம்மை நாடியது, நாம் என்ன செய்தோம் என்று பேசினார்கள். முடிவில், பிள்ளையின் போக்கை ஒட்டிப் பெற்றோர் பதில் தருவது கூடியது. பிள்ளைகள் தாமாகப் பெற்றோரை நாடுவதும் கூடியது. எல்லாமே கூடிவிடவில்லை, இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் குறைந்தது. இது ஆட்டிசத்தைப் போக்கும் மருந்தல்ல. உறவுக்கு வழி திறக்கும் பயிற்சி.

அந்தப் பயிற்சியின் உயிர்நாடி எளிது. பையன் பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். நாம் என்ன செய்வோம்? "இது என்ன கலர்? சொல்லு. காரை ஒழுங்கா ஓட்டு" என்போம். கேள்வியும் கட்டளையும் அவன் கவனத்தை வேறு பக்கம் இழுக்கின்றன. அதற்குப் பதில் தரையில், அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். "சக்கரம் சுத்துது" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவன் ஓரக்கண்ணால் பார்த்தாலும் அது பதில்தான். கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள்; பல பிள்ளைகளுக்கு அது வேதனை.

முறுக்கை உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் போட்டு மூடி, பிள்ளையிடம் கொடுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டுவான். "திற" என்று சொல்லிக்கொண்டே உடனே திறந்து கொடுங்கள். அழவிட்டுக் கேட்க வைப்பது வேண்டாம்.

தண்ணீர் வேண்டுமென்றால் சில பிள்ளைகள் "தண்ணி வேணுமா?" என்பார்கள். நாம் கேட்ட கேள்வியை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். அதில் பொருள் இருக்கிறது. திருத்தாமல், "தண்ணி வேணும்" என்று சொல்லித் தண்ணீரைக் கொடுங்கள்.

வீட்டில் எந்த மொழியோ அதிலேயே பேசுங்கள். பிள்ளைக்காக ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம். படங்களைக் காட்டிப் பழக்கினால் பேச்சு நின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலியில் படத்தைத் தொட்டால் தமிழிலேயே பேசும்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டமும் ஒலிபெருக்கியும் இந்தப் பிள்ளைகளைத் திணறடிக்கும். சாதாரண நாளின் விடியற்காலையில் கூட்டிப் போங்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டரும் நடக்க வேண்டாம். வழியில் உள்ள இந்திர லிங்கத்திலிருந்து அக்னி லிங்கம் வரை போதும். இரண்டின் படத்தையும் முன்பே காட்டி, "முதலில் இது, பிறகு இது" என்று சொல்லிவிட்டால், அடுத்து என்ன என்ற பதற்றம் குறையும்.

அரசின் கதவையும் தட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை பற்றிக் கேளுங்கள். தமிழில் படிக்க, யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்' இருக்கிறது.

தெரபிக்கு இடம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். இன்று மாலையே போனை எட்ட வைத்துவிட்டு, அரைமணி நேரம் தரையில் உட்காருங்கள். அப்பாக்களும் உட்கார வேண்டும். இது அம்மாவின் வேலை மட்டும் அல்ல.