பாலைவனக் குகையில் ஒரு பிள்ளையார்

சீனாவின் வடமேற்கே, கோபி பாலைவனத்தை ஒட்டி இருக்கும் ஊர் துன்ஹுவாங். அதற்குச் சற்றுத் தள்ளியுள்ள குன்றுச் சரிவில், கி.பி. 366 முதல் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், பௌத்தத் துறவிகளும் வணிகர்களும் பிரபுக்களும் குகை குகையாகக் குடைந்து வைத்தார்கள். மொகாவ் குகைகள் என்று பெயர். அவற்றில் 285ஆம் எண் குகையின் மேற்குச் சுவரில் யானை முகத்தோடு விநாயகர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் குமரன். மேலே, மூன்று முகமும் ஆறு கையுமாகக் காளைமேல் மகேசுவரர். அண்ணாந்து பார்த்தால் சீனப் புராணத்து இடிதேவன் தன்னைச் சுற்றி மேளங்களை வைத்து முழக்குகிறான். கி.பி. 538, 539 என்று ஆண்டும் அந்தக் குகையிலேயே எழுதியிருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பிறப்பதற்கு முந்தைய ஓவியம்!

நேரில் போனால் இதைப் பார்க்க முடியுமா? சாதாரண நுழைவுச்சீட்டில் எட்டுக் குகைகள் வரைதான் காட்டுவார்கள். 285 அதில் சேராது, தனிக் கட்டணம். வழிகாட்டி பூட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டும் சில நிமிடங்கள்தான் நம் கணக்கில். ஓவியமும் சிற்பமும் உள்ள குகைகள் மட்டும் 492. ஓவியப் பரப்பு 45,000 சதுர மீட்டர். பெரும்பகுதியை யாருமே பார்க்காமல்தான் திரும்புகிறார்கள்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உப்பு. இங்குள்ள பாறை கூழாங்கல்லும் மணலும் இறுகியது. அதன்மேல் நேரடியாக வரைய முடியாது. வைக்கோலும் சணலும் பிசைந்த மண்ணைப் பூசி, அது காய்ந்தபின் வண்ணம் தீட்டினார்கள். பாறையிலிருந்த உப்பு அந்தப் பூச்சுக்குள் ஏறியிருக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் உப்பு அதை உறிஞ்சிக் கரைகிறது; காய்ந்தால் மறுபடி படிகமாகிப் பருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையை விட்டுக் கழன்று, வண்ணம் பொடியாக உதிர்கிறது. கூட்டம் விடும் மூச்சு ஈரத்தைக் கூட்டும். மழை நாளில் கதவைத் திறந்து வைத்தால் வெளிக்காற்று செய்யும் கேடு இன்னும் பெரிது. அதனால் குகைக்குள் ஈரப்பதம் 62 சதவீதத்தைத் தாண்டினால் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

1963இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் முடித்த கையோடு இங்கே வேலைக்கு வந்தவர் ஃபான் ஜின்ஷி. பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோவின் குழு 1908இல் எடுத்த புகைப்படங்களைச் சுவரோடு ஒப்பிட்டபோது, எவ்வளவு அழிந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. 1980களின் இறுதியில் கணினியில் படத்தைச் சேமிக்கலாம் என்று கண்டதும் அதைப் பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில், குகைகளைப் பராமரிக்கும் துன்ஹுவாங் ஆய்வு நிறுவனத்தின் தலைவராகி, அந்த வேலையை விடாமல் நடத்தினார்.

படமெடுப்பது எளிய வேலையல்ல. சுவரைத் தொடாமல், அதற்கு இணையாகத் தண்டவாளம் போல ஒன்றைப் பொருத்தி, கேமராவையும் விளக்கையும் அதன்மேல் சிறிது சிறிதாக நகர்த்துகிறார்கள். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் விழ வேண்டும். அப்போதுதான் கோடு பிசகாமல் இணைக்க முடியும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஒரு சதுர மீட்டர் சுவருக்குச் சுமார் 14 கோடிப் புள்ளிகள். மயிரிழை விரிசலும் பதிவாகும். பத்து ஆண்டு கழித்து அதே இடத்தை மறுபடி எடுத்தால் விரிசல் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அளந்துவிடலாம்.

என்னை இதில் ஈர்ப்பது இந்த வரிசைதான்: முதலில் சுவரைக் காப்பதற்காக எடுத்தார்கள், பிறகு காட்டினார்கள். 2014இல், குகைகளிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பார்வையாளர் மையம் திறந்தது. அங்கே கவிகை மாடத் திரையில் குகைகளைப் பெரிதாகக் கண்டு விவரம் தெரிந்துகொண்ட பிறகே மக்கள் குகைக்குப் போகிறார்கள். உள்ளே நிற்கும் நேரம் குறைகிறது, காண்பது கூடுகிறது. 2016இல் 30 குகைகளின் படங்கள் இணையத்தில் இலவசமாக வந்தன. பல இடங்களில் ஒளி-ஒலிக் காட்சிக்கும் மெய்நிகர் கண்ணாடிக்கும் செலவழிக்கிறார்கள். அடியில் பழுதில்லாத பதிவு இல்லாவிட்டால் ஐந்தே ஆண்டுகளில் அவை பழசாகிவிடும்.

குகையை விட்டுப் போனவையும் உண்டு. 1900இல் வாங் யுவான்லு என்ற தாவோ துறவி, சுவருக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்த ஓர் அறையைக் கண்டுபிடித்தார். உள்ளே பல்லாயிரம் ஏடுகள். தொல்லியலாளர் ஆரல் ஸ்டைனும் பெல்லியோவும் வாங்கிப்போக, அவை லண்டனுக்கும் பாரிசுக்கும் சிதறின. ஆண்டு குறித்த அச்சு நூல்களில் உலகிலேயே பழையதான, கி.பி. 868ஆம் ஆண்டின் வஜ்ரச்சேதிக சூத்திரம் என்ற பௌத்த நூல் லண்டனில்தான் இருக்கிறது. 1994இல் தொடங்கிய பன்னாட்டு துன்ஹுவாங் திட்டம் இவற்றை ஒரே இடத்தில் திரையில் சேர்த்துவருகிறது. ஏடுகள் ஊர் திரும்பவில்லை. படம் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டதாக யாரும் சொல்ல வேண்டாம். ஆனால், லண்டனில் பாதியும் பாரிசில் பாதியுமாகக் கிழிந்து கிடக்கும் ஓர் ஏட்டைச் சேர்த்துப் படிக்க வேறு வழியும் இல்லை.

நம் வீட்டிலிருந்து இணையம் வழியே 285ஆம் குகைக்குள் சுட்டியால் நகர்ந்து, விநாயகர் முன் எவ்வளவு நேரமும் நிற்கலாம். விளக்கம் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. பிள்ளையாரை முதல் பார்வையிலேயே அடையாளம் காணும் நம் பள்ளிப் பிள்ளைக்கு, அவர் அங்கே போய்ச் சேர்ந்த கதையைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஓர் அருங்காட்சியகமோ பல்கலைக்கழகத் துறையோ முன்வந்தால் போதும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.